பத்து வருடம் பூட்டிக் கிடந்த ஊர் நூலகம்: சாவி கிடைத்துவிட்டது, இனி என்ன செய்யலாம்?

1 | கரிசல் மண்

எல்லோருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. 1,400 பேர் இருப்போம். 2006-ல் வந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகம் ஒன்று ஊர்ச் சாவடிக்கு எதிரே இருக்கிறது. திறந்த புதிதில் நான் அங்கே உட்கார்ந்து படித்திருக்கிறேன். அப்புறம் நூலகம் பார்த்துக்கொண்ட பெரியவர் காலமானார். கதவு சாத்தியது சாத்தியதுதான்.

ஊரில் ஒரு புது நெருக்கடி. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. எங்கள் மாவட்டமும் அதில் ஒன்று. அதிலிருந்து தனி அலுவலர் நிர்வாகம், அதாவது தேர்ந்தெடுத்த தலைவருக்குப் பதில் ஒரு அரசு அலுவலர். முன்பெல்லாம் தண்ணீர் வரவில்லை என்றால் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம். இப்போது ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் யாரும் போவதில்லை. பிரச்சினைகள் அப்படியே கிடக்கின்றன.

நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஊராட்சிச் செயலரிடம் நூலகச் சாவியைக் கேட்டோம். மூன்று தடவை அலைந்த பிறகு கொடுத்தார். திறந்தால் உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டை, உடைந்த டியூப்லைட், கை பம்பின் துருப்பிடித்த கம்பிகள். கீழ்த்தட்டுப் புத்தகங்களைக் கரையான் மண்ணாக்கியிருந்தது. மேல் இரண்டு தட்டு தப்பியிருக்கிறது. இரண்டு நாள் கூட்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்தோம்.

இப்போது ஆளுக்கொரு யோசனை. பையன்கள் உடற்பயிற்சிக் கூடம் என்கிறார்கள். சிலர் டிஎன்பிஎஸ்சி படிப்பு மையம் என்கிறார்கள். எனக்கோ ஊர்ப் பிரச்சினையை உட்கார்ந்து பேச, மனு எழுத, கணக்குக் கேட்க ஒரு இடமாக அது இருக்க வேண்டும் என்று ஆசை. இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

2 | ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி, படிப்பு மையமே வையுங்கள். அது எல்லோருக்கும் ஏற்றது, யாரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள். கணக்குக் கேட்கிற இடம் என்று பெயர் விழுந்தால் அடுத்த மாதமே சாவியைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். நான் 31 வருடம் கிராமப் பள்ளிகளில் வேலை பார்த்தவன். நல்ல காரியம் கட்சிச் சண்டையில் நாசமானதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வேதனையில்தான் சொல்கிறேன்.

3 | வடமராட்சி வாசகன்

தம்பி, நான் பருத்தித்துறைப் பக்கம். நீங்கள் தேடுகிற இடத்துக்கு எங்களிடம் ஏற்கெனவே ஒரு பேர் இருக்கிறது: சனசமூக நிலையம். யாழ்ப்பாணத்தில் எந்த ஊருக்குள் போனாலும் ஒழுங்கை முடிகிற சந்தியில் ஒன்று நிற்கும். ஒரு மண்டபம், முன்னால் விறாந்தை, நீளமான மேசை, அதில் அன்றைய பேப்பர். பாரதி, வள்ளுவர், கலைமகள், அண்ணா என்று பேர் வைத்திருப்பார்கள். பல நிலையங்கள் வெறும் வாசிகசாலையாகத் தொடங்கினவைதான்.

வாசிக்கிற இடம் எப்படி ஊர்க்காரியம் பார்க்கிற இடமாகிறது? பேப்பர் ஒன்று, வாசிக்க வருகிறவர்கள் எட்டுப் பேர். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர்கள் பொறுத்திருக்க வேண்டும். பொறுத்திருக்கிற நேரத்தில் கதைப்பார்கள். எங்கட ஊரில் மதவு இடிந்த கதை, கிணறுகளில் உவர் ஏறின கதை, பாலர் பாடசாலைக்கு ஆசிரியை இல்லாத கதை எல்லாம் அந்த மேசையில்தான் முதலில் வெளியே வந்தன. கூட்டம் போட்டு யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் கதைத்ததோடு விட்டால் அது வெறும் திண்ணைப் பேச்சு. நிலையத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம் வைத்துக் கணக்கு வாசிக்க வேண்டும். ஐம்பது ரூபாய்க் கணக்குக்கும் எழும்பி நின்று கேள்வி கேட்பார்கள். நான் சின்னப் பெடியனாக யன்னலுக்கு வெளியே நின்று அதைப் பார்த்திருக்கிறேன். என் அப்பாதான் அப்போது பொருளாளர். அவரை ஒரு கடற்றொழிலாளி எழும்பி, "அந்த விளக்குக்கு எண்ணெய் வாங்கின துண்டு எங்கே ஐயா?" என்று கேட்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து அந்த ரசீதுத் துண்டை எடுத்துக் காட்டினார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, உங்கள் ஊராட்சி மாதிரியான எங்கட பிரதேச சபையில் போய்க் கேள்வி கேட்கக் கூச்சம் வந்ததில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, எங்கட பக்கம் வந்த குடும்பங்கள் சில நிலையத்து மண்டபத்தில்தான் தங்கின. விடிந்ததும் ஒரு கொப்பியை எடுத்து யார், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், யாரைத் தேடுகிறார்கள் என்று எழுதத் தொடங்கினோம். உறவினரைத் தேடி வந்தவர்கள் முதலில் அந்தக் கொப்பியைத்தான் கேட்டார்கள்.

உங்கள் தனி அலுவலர் நிலைமை எங்களுக்கும் வந்தது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6-இல். இரண்டு வருடத்துக்கு மேல் தவிசாளரும் (சபைத் தலைவர்) இல்லை, உறுப்பினரும் இல்லை. அந்தக் காலத்தில் மாரிக்கு முன்னம் வாய்க்கால் துப்புரவு செய்யச் சொல்லி நிலையத்துக் கடிதத் தலைப்பில்தான் எழுதினோம். தனி ஆளின் கடிதம் கோப்புக்குள் தூங்கும். பதிவு இலக்கமும் முத்திரையும் போட்டு, கீழே ஐம்பது கையெழுத்தோடு போனால் ஏதாவது பதில் எழுதியே ஆக வேண்டும். மிச்சத்தைச் சிரமதானத்தில் நாங்களே வெட்டினோம்.

4 | செங்காந்தள்

வடமராட்சி அண்ணா எழுதியது மனதைத் தொட்டது. ஆனால் எல்லோரும் ஒன்றைக் கவனியுங்கள். பேப்பர் படிக்க எட்டுப் பேர் என்றார். அந்த எட்டில் எத்தனை பெண்கள்?

எங்கள் ஊரிலும் ஒரு மன்றம் இருந்தது. மாலை ஆறு மணிக்குத் திறப்பார்கள். அந்த நேரம் எங்களுக்கு அடுப்படி நேரம். வாசலில் பையன்கள் பைக்கை நிறுத்தி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போகிற பெண்ணை ஊர் என்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் தண்ணீர் எந்த நாள் வரும், எத்தனை குடம் கிடைக்கும், ரேஷன் கடையில் எது இல்லை என்று போய்ப் பார்ப்பது நாங்கள்தானே? பிரச்சினை தெரிந்தவர்கள் வெளியே நிற்கிறோம். தெரியாதவர்கள் உள்ளே தீர்மானம் போடுகிறார்கள்.

மகளிர் குழுக் கூட்டத்தை அந்தக் கட்டிடத்தில் வையுங்கள். மதியம் மூன்று மணிக்குத் திறங்கள். கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் எந்தப் பெண்ணும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருக்க மாட்டாள்.

5 | கரிசல் மண்

அக்கா, போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் இல்லை. கதவே அடியில் அரித்துப் போயிருக்கிறது. இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

6 | அடையாற்றுக் கரை

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பகுதியில் மூன்று நாள் கரண்ட் இல்லை, போன் இல்லை. அப்போது எங்கள் தெருக்காரர்களுக்குக் கைகொடுத்தது ஒரு பழைய படிப்பகம். யார் வீட்டில் டயாலிசிஸ் நோயாளி, யார் வீட்டில் கைக்குழந்தை என்று அங்கே இருந்த கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்தோம். படகு வந்தபோது அந்தப் பலகையைப் பார்த்துத்தான் ஆள் அனுப்பினோம். வெள்ளம் வடிந்த பிறகும் நாங்கள் அந்த இடத்தை விடவில்லை.

அங்கே கற்ற வேலையைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். ஒரு நீள நோட்டு வாங்குங்கள். தேதி, என்ன பிரச்சினை, எந்த இடம், யாரிடம் எப்போது சொன்னோம், என்ன பதில் என்று கோடு போட்டு எழுதுங்கள். "தெருவிளக்கு எரியவில்லை" என்று எழுதக் கூடாது. கம்பத்தில் பெயின்ட்டால் எழுதிய எண் இருக்கும், அதை எழுத வேண்டும். எண் போட்ட புகாரை யாரும் "எந்த விளக்கு?" என்று திருப்பி அனுப்ப முடியாது.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதிலும் நியாயம் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பலருக்குத் தெரியாத ஒன்று, நகல் கேட்பதோடு நிற்க வேண்டியதில்லை. நேரில் போய்க் கோப்பைப் பார்வையிடவும், நடக்கிற வேலையைப் பார்க்கவும், போட்ட தாரிலும் சிமென்ட்டிலும் மாதிரி எடுக்கவும் அதே சட்டத்தில் உரிமை இருக்கிறது.

ஆனால் இங்கே மன்றத்தின் பெயரில் மனு போட்டால் தள்ளிவிடுவார்கள். குடிமகன்தான் கேட்க முடியும் என்பார்கள். அதனால் ஒரே ஆள் பெயர் திரும்பத் திரும்ப வரும். மிரட்டலும் அந்த ஒரே ஆளுக்கு வரும். எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படி வந்து, அவர் வீட்டை மாற்றிக்கொண்டு போகிற அளவுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்தோம். மனு எழுதுவது எல்லோரும், கையெழுத்து மட்டும் அந்த மாதத்து வீடு.

7 | வடமராட்சி வாசகன்

அடையாறு அண்ணா சொன்ன இடத்தில் எங்கட சட்டம் கொஞ்சம் வசதி. இலங்கையின் 2016-ஆம் ஆண்டு 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில், உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் குடிமக்களாக இருந்தால் அந்தச் சங்கமும் குடிமகன் என்ற கணக்கில் வரும். அதனால் சனசமூக நிலையம் தன் பேரிலேயே கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். தனி ஆளுக்கு நெருக்கடி வராமல் ஊரே கேட்கிற மாதிரி.

8 | தெற்குத் தெரு

நான் இந்தத் தளத்தில் அதிகம் எழுதுவதில்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நூலகம் ஊர்ச் சாவடிக்கு எதிரே என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊரிலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. சாவடித் திண்ணையில் எங்கள் தெரு ஆள் யாரும் உட்கார்ந்ததில்லை. நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் அந்த நூலகத்துக்குப் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நின்ற ஒருவர் என் அப்பா பெயரைச் சொல்லி, "அவன் மகனா?" என்று மட்டும் கேட்டார். என் அப்பாவுக்கு அவரைவிடப் பத்து வயது அதிகம். நான் திரும்பி வந்துவிட்டேன். கட்டிடம் எல்லோருக்கும் பொதுதான், அரசுப் பணத்தில் கட்டியதுதான். ஆனால் அதற்குப் போகிற வழி பொதுவாக இல்லை.

இரண்டு நாள் கூட்டிக் கழுவியதாக எழுதினீர்கள். காலனியில் இருந்து எத்தனை பேர் வந்தார்கள்? அவர்களைக் கூப்பிட்டீர்களா? கணக்குக் கேட்கும் இடம் வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவது உண்மை என்றே நம்புகிறேன். எங்கள் தெருவுக்குக் குழாய் வராத கணக்கையும் அந்த இடத்தில் கேட்க முடியுமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

9 | ஓய்வுபெற்ற வாத்தியார்

தெற்குத் தெரு தம்பி எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லோருக்கும் ஏற்றதாக ஒன்றைச் செய்யுங்கள் என்று நான் முதலில் சொன்னேன். அந்த "எல்லோரும்" யார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. படிப்பு மையம் வைத்தாலும் இந்தக் கேள்வி அங்கே நிற்கும். என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

10 | வடமராட்சி வாசகன்

தெற்குத் தெரு சகோதரம், நானும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்களிடம் ஒரு ஊருக்குள்ளேயே குறிச்சிக்கொரு, அதாவது பகுதிக்கொரு, நிலையம் இருக்கும். வெளியில் இருந்து பார்த்தால் எவ்வளவு விழிப்பான சனம் என்று தோன்றும். கிட்டப் போய்ப் பார்த்தால் பல இடத்தில் அந்தப் பிரிவு சாதிப் பிரிவு. நாங்கள் பெருமையாகச் சொல்கிற பொதுக்கூட்டம் அந்தக் குறிச்சிக்குள் மட்டும்தான் பொது. ஒடுக்கப்பட்ட மக்கள் தங்களுக்கென்று நிலையம் கட்டியது, மற்ற இடத்தில் கதிரை கிடைக்காததால். அந்த நிலையங்களில் இருந்து படித்து வந்தவர்கள் எத்தனையோ பேர். அது அவர்களின் உழைப்பு, எங்கட பெருந்தன்மை இல்லை.

வாய்க்கால் நாலு குறிச்சியையும் ஊடறுத்து ஓடுகிறது. நாலு நிலையமும் சேர்ந்து எழுதிய ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் ஒரு கிழமைக்குள் (ஒரு வாரத்துக்குள்) ஆள் வந்தார்கள். அதற்குப் பிறகும் சேர்ந்து எழுத எங்களுக்குப் பல வருடம் பிடித்தது.

11 | சிராங்கூன்

சிங்கப்பூரில் இருந்து. இங்கே சமூக மன்றங்களை 1960-ல் அமைந்த மக்கள் கழகம் நடத்துகிறது. குளிர்சாதனம், அரங்கம், சமையல் வகுப்பு, தமிழ்ப் புத்தாண்டு, பொங்கல் விழா என்று இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள் அருமையாக நடத்துகின்றன. நானும் தொண்டூழியம் செய்கிறேன், அங்கே கிடைத்த நட்புகள் என் வாழ்க்கையில் பெரிய சொத்து. ஆனால் அந்தக் கட்டிடம் மேலிருந்து வந்தது. என்ன பேசுவது என்பதும் பெரும்பாலும் மேலிருந்தே வருகிறது. உங்களிடம் கரையான் அரித்த கட்டிடம்தான் இருக்கிறது, ஆனால் அதில் என்ன பேசுவது என்று நீங்களே தீர்மானிக்கலாம். அதை விட்டுவிடாதீர்கள்.

12 | செங்காந்தள்

கணக்குக் கேட்பது எப்படித் தொடங்கியது என்று இந்த இழையில் சொல்லாமல் விட முடியாது. ராஜஸ்தானில் தேவ்டுங்ரி என்ற ஊரில், 1987-ல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் ஒரு மண் வீட்டில் வந்து குடியேறினார்கள். அந்த வீடுதான் அவர்கள் அலுவலகம். 1990 மே தினத்தன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு பிறந்தது. அரசு வேலைக்கு முழுக் கூலி தராமல் ஏமாற்றுவதுதான் அங்கே பெரிய கொடுமை. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் வெட்டவெளியில் மக்களை உட்காரவைத்து, வருகைப் பதிவேட்டையும் செலவுச் சீட்டுகளையும் சத்தமாக வாசித்தார்கள். பெயர் வாசிக்க வாசிக்க, அந்த வேலைக்குப் போகவே இல்லை என்று ஊரார் எழுந்து சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தணிக்கை செய்தார்கள். 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது.

உங்கள் நூலகத்திலும் அதையே செய்யுங்கள். காகிதம் வாங்கி அலமாரியில் வைக்காதீர்கள். வாசியுங்கள். வயதான பாட்டிக்கும் கேட்கிற மாதிரி வாசியுங்கள்.

13 | அடையாற்றுக் கரை

கரிசல் தம்பி, கிராம சபைக்குப் போகும் முன் இரண்டு விஷயம். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண், அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது வர வேண்டியவர்கள், 100 பேர். அந்த நூறு கையெழுத்துக்காகப் பல ஊரில் பொருள் பட்டியல்கூட வாசிக்காமல் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவார்கள். தீர்மானம் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுவோம் என்று எல்லோரும் முன்பே பேசி வைத்துக்கொண்டு போங்கள். தனியாக நீங்கள் மட்டும் சொன்னால் அது தகராறு ஆகிவிடும்.

14 | கரிசல் மண்

நீண்ட நாள் கழித்து வருகிறேன். முதலில் தெற்குத் தெரு அண்ணனுக்குப் பதில்: கூப்பிடவில்லை. காலனியில் இருந்து ஒருவரும் வரவில்லை, நாங்கள் கூப்பிடவும் இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

உங்கள் பதிவைப் படித்த வாரம் நானும் இரண்டு நண்பர்களும் காலனிக்குப் போனோம். முதல் கூட்டம் நூலகத்தில் வேண்டாம், இங்கேயே வேப்ப மரத்தடியில் வைப்போம் என்று கேட்டோம். அங்கே இருந்த ஒரு அக்கா, "வந்துட்டு ரெண்டு நாளில் போயிருவீங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரமும் போனோம். அதற்கு அடுத்த வாரமும். நான்காவது வாரம் அந்த அக்காவே நோட்டைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் முதல் வரி அவர் எழுதியதுதான்: மேல்நிலைத் தொட்டியில் இருந்து தெருக்கோடி வரை 11 வீட்டுக்குக் குழாய் இணைப்பு இல்லை, வீட்டு எண்களோடு. அந்த எண்கள் எல்லாமே அவருக்கு மனப்பாடம்.

எங்கள் ஊரில் இதை எல்லோரும் வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. நூலகச் சாவி இரண்டு செய்து, ஒன்றை அந்த அக்காவிடம் கொடுத்தபோது எங்கள் எட்டுப் பேரில் மூன்று பேர் விலகிவிட்டார்கள். அதில் ஒருவன் என் பள்ளித் தோழன். அவன் வீட்டுக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

அக்டோபர் 11 கிராம சபைக்கு 131 பேர் வந்தார்கள். ஒரு வாரத்துக்கு முன்பே நூலகத்தில் உட்கார்ந்து யார் எதைக் கேட்பது என்று பிரித்துக்கொண்டோம். செலவுப் பட்டியலை வாசிக்கச் சொன்னோம். ஒரே மாதத்தில் ஒரே மோட்டாருக்கு இரண்டு தடவை பழுது பார்த்த செலவு இருந்தது. அந்த மோட்டார் ஓடுகிற தெருவில் இருக்கும் பெண்கள் நான்கு பேர் எழுந்து, பழுது பார்க்க ஆள் வந்தது ஒரு தடவைதான் என்றார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றார் வந்திருந்த அலுவலர். அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போட்டோம். நகல் கேட்டு மனுவும் போட்டாயிற்று. இந்த மாத முறை எங்கள் வீடு.

11 வீட்டில் ஆறு வீட்டுக்குக் குழாய் வந்துவிட்டது. மீதி ஐந்துக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு செய்தி: காலை ஆறிலிருந்து எட்டு வரை டிஎன்பிஎஸ்சி படிப்பும் நடக்கிறது. பழைய வினாத்தாள் வைத்திருந்தால் அனுப்புங்கள் ஐயா.

செங்காந்தள் அக்கா, கழிப்பறைக்குத் தகரக் கதவு மாட்டி உள்தாழ்ப்பாள் போட்டாயிற்று. புதன்கிழமை மூன்று மணி என்று பெண்களே நேரம் வைத்தார்கள். போன புதன் 19 பேர் வந்திருந்தார்கள். நான் உள்ளே போகவில்லை, வெளியே கூரையில் ஒழுகுகிற இடத்துக்குச் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தேன். உள்ளே ரேஷன் கடை எடைக் கணக்கை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தது கேட்டது.

15 | தெற்குத் தெரு

படித்தேன் தம்பி. மீதி ஐந்து வீட்டுக்கும் தண்ணீர் வந்த அன்றைக்கு இங்கே வந்து எழுதுங்கள். எங்கள் ஊர் நூலகம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. நாளைக்கு ஊராட்சிச் செயலரைப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். கூட இரண்டு பேர் வருகிறார்கள்.